நுரையீரல் ஒரு பாத்திரமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் தண்ணீர் வரவழைக்கும் மந்திரம் ஒன்று உண்டு. முதல் நிலை மந்திரம், அதாவது கற்றுக்குட்டிப் பூசாரியும் முதல் நாளே போடக்கூடியது. மூடியில்லாத பாத்திரத்தில் 10 கேலன் நல்ல தண்ணீரை நிரப்பும். நம் கணக்கில் 38 லிட்டர் வரும். கிட்டத்தட்ட இரண்டு கேன் தண்ணீர். பாலைவனத்தில் நாக்கு வறண்டு கிடப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் எதிரே ராட்சதன் ஒருவன் வந்து நிற்கும்போது, மேசையில் யாராவது ஒருவருக்குப் பொறி தட்டும். “அவன் நுரையீரலுக்குள்ளே தண்ணீரை வரவழைக்கிறேன். கத்திக்கொண்டுதானே வருகிறான்? வாய் திறந்திருக்கிறது. அப்படியென்றால் அது மூடியில்லாத பாத்திரம்தானே?”

மேசையே டிஎம்மைத் திரும்பிப் பார்க்கும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், டீயும் கொஞ்சம் ஆறட்டும். 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதி வெளியிட்ட ஆட்டம் இது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள்: வீரன், திருடன், மந்திரவாதி, பூசாரி. ஒருவர் மட்டும் மிச்சமிருக்கும் உலகம் முழுவதுமாக இருப்பார். கதவு அவர், கதவுக்குப் பின்னால் இருக்கும் டிராகனும் அவர். அவரைத்தான் டிஎம் என்கிறோம், டன்ஜன் மாஸ்டர் என்பதன் சுருக்கம். “நான் இதைச் செய்கிறேன்” என்று ஆட்டக்காரர் சொல்வார், பகடை உருளும், என்ன நடந்தது என்று டிஎம் சொல்வார். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் முதல் எபிசோடில் நான்கு பையன்கள் ஆடுவது இதைத்தான். அதில் ஃபயர்பால் என்ற தீ மந்திரத்தைப் போடும் பையன் 13 விழ வேண்டும் என்று பதறுகிறான், 7 விழுகிறது. உண்மையில் ஃபயர்பால் போடுகிறவர் அப்படிப் பகடை உருட்டுவதில்லை, தப்பிக்கப் பார்க்கிறவர்தான் உருட்ட வேண்டும். காட்சி நன்றாக இருந்ததால் யாரும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளவில்லை.

சரி, டிஎம் என்ன சொல்ல வேண்டும்? அவர் சொல்லே கடைசிச் சொல் என்று விதிப்புத்தகமே சொல்லிவிடுகிறது. அதிகாரம் யாருக்கு என்பதில் தகராறு கிடையாது. எப்படித் தீர்ப்புச் சொன்னால் தோற்றவரும் அடுத்த வாரம் ஆட வருவார் என்பதில்தான் தகராறு.

முதலில் மந்திரத்தின் வாசகத்தை எடுத்து வாய்விட்டுப் படிக்க வேண்டும், ஒரு வரி விடாமல். மேசையில் நடக்கும் சண்டைகளில் பாதி, புத்தகத்தில் இருப்பதை வைத்து நடப்பதில்லை. புத்தகத்தில் இருப்பதாக நினைவில் இருப்பதை வைத்து நடக்கின்றன. படித்த பிறகு, அந்தச் சொற்களுக்கு நடைமுறையில் என்ன பொருளோ அதைத்தான் கொள்ள வேண்டும். மூடியில்லாத பாத்திரம் என்றால் குடம், வாளி, தொட்டி. “ஒரு பாத்திரம் எடுத்துட்டு வா” என்றால் யாரும் சித்தப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவதில்லை.

அத்தோடு நிறுத்தினாலும் தீர்ப்பு சரிதான். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது: விலை. இந்த ஆட்டத்தில் மந்திரங்கள் ஒன்பது நிலைகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே வார்த்தையில் ஆளைக் கொல்லும் மந்திரமும் உண்டு, பவர் வேர்ட் கில். அது ஒன்பதாம் நிலையில் இருக்கிறது. மந்திரத்துக்கு நிலை என்றால் மந்திரவாதிக்கு லெவல்; 17-ஆம் லெவலுக்கு வந்த மந்திரவாதியால்தான் அதைத் தொட முடியும். அதுவும் ஒரு நாளைக்கு ஒரு தடவை. எதிரியின் உயிர்ப்புள்ளி 100-க்கு மேல் இருந்தால் சாகமாட்டான். இரண்டு கேன் தண்ணீர் மந்திரத்தால் அதே வேலையை முதல் நிலையிலேயே முடிக்கலாம் என்றால் பவர் வேர்ட் கில்லை எவன் கற்றுக்கொள்வான்? ஒரு மந்திரத்துக்கு நீங்கள் கொடுக்கும் பொருள், அதைவிட நாலு படி மேலே இருக்கும் மந்திரத்தின் வேலையைச் செய்துவிடுகிறது என்றால், பெரும்பாலும் பொருள் கொண்டதில்தான் கோளாறு. 2003-ல் வந்த 3.5 பதிப்பில், இந்த வகை மந்திரங்களால் உயிருள்ள உடம்புக்குள் எதையும் உண்டாக்க முடியாது என்று தனியாக ஒரு வரியே போட்டிருந்தார்கள். அந்த வரியைப் போட வைத்த ஆட்டக்காரர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

வெறுமனே “முடியாது” என்று சொல்லிவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பினால் அது நல்ல டிஎம்முக்கு அழகில்லை. “என்ன நடக்கணும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்க வேண்டும். ராட்சதனைக் கொஞ்ச நேரம் தடுத்து நிறுத்தினால் போதும் என்று அந்தப் பூசாரி சொல்லலாம். இதே மந்திரத்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது: 30 அடி நீள அகல உயரத்துக்கு மழையாகக் கொட்டும், அங்கே திறந்து எரியும் தீயையெல்லாம் அணைத்துவிடும். ராட்சதன் தீவட்டியோடு வந்திருந்தால் குகை இருண்டுவிடும். இது ஏமாற்று வேலையில்லை. புத்தகத்திலேயே இருக்கிறது, யாரும் அந்த வரிவரை படிப்பதில்லை.

இதுவரை கேட்டவர்கள், எழுத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் போலிருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. எழுத்தைப் பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்பதற்கு எல்ட்ரிச் பிளாஸ்ட் இருக்கிறது. வார்லாக் என்ற வகை மந்திரவாதியின் அன்றாட ஆயுதம் அது. கையிலிருந்து சீறிப் பாயும் சக்திக் கீற்று. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் இந்தக் கீற்று ஓர் உயிரைக் குறிவைக்கும் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பொருள் என்ற சொல் இல்லை. அதே புத்தகத்தில் ஃபயர் போல்ட் என்ற மந்திரத்தில் உயிர் அல்லது பொருள் என்று இரண்டும் இருந்தது. எழுத்துப்படி பார்த்தால், ஓர்க் என்ற முரட்டுப் பிராணியைப் பத்தடி தூக்கி எறியும் வார்லாக்கால் ஒரு மண் குடத்தை உடைக்க முடியாது.

இதற்கு மேல்தான் வேடிக்கை. இந்த உலகத்தில் மிமிக் என்று ஒரு பிராணி இருக்கிறது. புதையல் பெட்டி போலவே உட்கார்ந்திருக்கும், தொட்டவனைக் கவ்வும். நம் வார்லாக் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து “இதைச் சுடுகிறேன்” என்பார். டிஎம் எழுத்தைப் பார்த்து “அது பொருள், சுட முடியாது” என்றால், பெட்டி பாதுகாப்பானது. “சரி, உருட்டுங்கள்” என்றால் அது மிமிக். எழுத்தைக் காப்பாற்றப் போன டிஎம், காசில்லாமல் ஒரு பிராணிச் சோதனைக் கருவியைத் தானம் செய்துவிட்டார். நான் கேட்ட சமாதானங்களில் நியாயமானது ஒன்றுதான்: யாரும் எதையும் நோக்கிச் சுடலாம்; பொருளாக இருந்தால் கீற்று பட்டு ஒன்றும் ஆகாது. 2024-ல் திருத்திய புத்தகத்தில் எல்ட்ரிச் பிளாஸ்டிலும் உயிர் அல்லது பொருள் என்று சேர்த்துவிட்டார்கள். பத்து வருட வழக்கு இரண்டு சொல்லில் முடிந்தது.

இன்னொன்று இதைவிடப் பெரிய கூத்து. 2014 விதிகளில், கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருப்பவர் தாக்கினால் அவருக்குச் சாதகம், அவரைத் தாக்கினால் தாக்குபவருக்குப் பாதகம் என்று இருந்தது. மறைந்தவர்களைக் காணும் மந்திரமும் தனியே உண்டு. அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் எதிரியைப் பளிச்சென்று பார்க்கிறார். இப்போது அந்தச் சாதகம் போய்விடும் என்றுதானே நினைப்பீர்கள்? விதிகளுக்கு அதிகாரபூர்வ விளக்கம் தந்துகொண்டிருந்த ஜெரமி கிராஃபோர்ட் போகாது என்றார். மறைந்திருப்பது ஒரு நிலை, அந்த நிலைக்கு அந்தப் பலன், நீங்கள் பார்க்கிறீர்களா என்பது வேறு விஷயம் என்று எழுத்து சொல்கிறது. அவர் சொன்னது எழுத்துப்படி சரி. ஆனால் எனக்குத் தெரிந்து அதைக் கேட்டுவிட்டு, ‘நம் மேசையில் வேண்டாம்’ என்று ஒதுக்கியவர்களே அதிகம். 2024-ல் புத்தகமும் அவர்கள் பக்கம் வந்துவிட்டது: உங்களைப் பார்க்க முடிகிறவரிடம் அந்தப் பலன் செல்லாது.

ஆக, எழுத்து ஒரு பக்கம், எழுதியவரின் நோக்கம் ஒரு பக்கம். இரண்டும் ஒத்துப்போகும்போது தொந்தரவில்லை. முட்டிக்கொண்டால் எதை எடுப்பது? பலரும் “எது சுவாரஸ்யமோ அதை எடு” என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். யாருக்குச் சுவாரஸ்யம் என்று கேட்டால் பதில் இழுக்கும். டிஎம்முக்கு இந்த வாரம் சுவாரஸ்யமாகப் பட்டது அடுத்த வாரம் எரிச்சலாகப் படும், அதற்குத் தகுந்தபடி மந்திரமும் மாறிக்கொண்டிருந்தால் மந்திரவாதி வேடம் எடுத்தவர் எதை நம்பித் திட்டம் போடுவார்? என்னைக் கேட்டால் நியாயம் என்பது முன்கூட்டியே தெரிவதில்தான் இருக்கிறது. தீர்ப்பு கறாராக இருக்கலாம், தாராளமாக இருக்கலாம். மந்திரத்தைச் செலவழிப்பதற்கு முன்னால் அது என்ன செய்யும் என்று செலவழிப்பவருக்குத் தெரிந்திருந்தால் அது நியாயம்.

ஃபயர்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். 20 அடி ஆரமுள்ள தீக்கோளம். இந்த ஆட்டத்தின் செல்லப்பிள்ளை. 1978-ல் கைகாக்ஸ் எழுதிய ஆட்டக்காரர் கையேட்டில் அந்தத் தீ ஒரு கன அளவு கொண்டது. 20 அடி ஆரக் கோளத்தின் கன அளவு சுமார் 33,000 கன அடி. இடம் குறுகலாக இருந்தால், அந்த அளவு தீரும்வரை தீ கிடைத்த வழியில் பாய்ந்துகொண்டே போகும். பத்தடி அகலம், பத்தடி உயரச் சுரங்கப்பாதை ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அதன் குறுக்குவெட்டு 100 சதுர அடி. 33,000-ஐ 100-ஆல் வகுத்தால் 330 அடி. வெடித்த இடத்திலிருந்து இந்தப் பக்கம் 165 அடி, அந்தப் பக்கம் 165 அடி. நூறடி தள்ளி எறிந்துவிட்டோம் என்று நிம்மதியாக நிற்கும் மந்திரவாதி, கூட வந்தவர்களோடு சேர்ந்து கருகிப்போவார். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் ஃபயர்பால் போடுவதற்கு முன்னால் வரைபடத்தை எடுத்துப் பெருக்கல் கணக்குப் போட்டார்கள்.

ஐந்தாம் பதிப்பில் அந்தக் கணக்கு இல்லை. 2014 வாசகத்தில் தீ மூலைகளில் வளைந்து போகும், ஆனால் 20 அடி ஆரத்தைத் தாண்டாது. இரண்டில் எது நியாயம்? இரண்டுமே. 1978-ன் விதி கொடுமையானதுதான், ஆனால் எழுதியிருக்கிறது. படித்தவர் ஜாக்கிரதையாக இருப்பார். அநியாயம் எது தெரியுமா? புதிய பதிப்பை மேசையில் வைத்துக்கொண்டு, பகடை உருண்ட பிறகு, “குறுகலான பாதையாச்சே, தீ திரும்பி வருமே” என்று டிஎம் சொல்வது. இயற்பியல் அவர் பக்கம் இருக்கலாம். ஐந்தாம் லெவல் மந்திரவாதியால் ஃபயர்பால் அளவு மந்திரத்தைப் பொதுவாக ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் போட முடியும். அவருடைய அன்றைய பலத்தில் பாதியைத் தெரியாத ஒரு விதிக்காகச் செலவழிக்க வைத்துவிட்டீர்கள். அவர் இனிமேல் எதையும் துணிந்து செய்யமாட்டார். ஒவ்வொன்றுக்கும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி கேள்வி கேட்பார். ‘ரூல்ஸ் லாயர்’ என்று நாம் அலுத்துக்கொள்ளும் ஆட்கள் பலர் இப்படித்தான் உருவாகிறார்கள் என்பது என் சந்தேகம்.

இயற்பியல் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆட்டக்காரர்கள் பக்கமும் இந்த வியாதி உண்டு. இரண்டாயிரம் விவசாயிகளை வரிசையாக நிறுத்தி ஒரு ஈட்டியைக் கைமாற்றிவிட்டால், விதிப்படி எல்லாம் ஒரே சுற்றில், அதாவது ஆறே விநாடியில், நடந்து முடிந்துவிடும்; ஈட்டி பயங்கர வேகத்தில் கடைசி ஆளைத் தாண்டிப் பறக்கும்; அதனால் டிராகன் காலி. பழைய வேடிக்கை இது. ஆட்டக்காரர் ஆறு விநாடி என்பதை விதியிலிருந்து எடுத்துக்கொள்கிறார், வேகத்தால் வரும் தாக்கத்தை இயற்பியலிலிருந்து எடுத்துக்கொள்கிறார். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள் ஐயா என்றுதான் சொல்ல வேண்டும். விதிப்படி என்றால் கடைசி விவசாயி எறிவது சாதாரண ஈட்டி. 2024-ல் வந்த டிஎம் கையேடு, விதிகள் இயற்பியல் அல்ல என்று இந்த உதாரணத்தையே சொல்லி முடித்துவைத்துவிட்டது.

கறாரா தாராளமா என்று குழம்பும் டிஎம்முக்கு என்னிடம் ஓர் எளிய சோதனை இருக்கிறது. இதே மந்திரத்தை நாளைக்கு எதிரி மந்திரவாதி உங்கள் ஆட்கள் மேல் போட்டால், இதே பொருளை ஒப்புக்கொள்வார்களா? சஜெஷன் என்று ஒரு மந்திரம். சொன்னதைச் செய்ய வைக்கும், எட்டு மணி நேரம்வரை. 2014 வாசகத்தில், சொல்லும் காரியம் கேட்பதற்கு நியாயமாகப் பட வேண்டும் என்று இருந்தது. வீரப்பெண் ஒருத்தி, வழியில் பார்க்கும் முதல் பிச்சைக்காரனுக்குத் தன் போர்க்குதிரையைக் கொடுக்கும்படி செய்யலாம் என்று உதாரணமும் கொடுத்திருந்தார்கள். குதிரையைத் தானம் கொடுப்பது நியாயமாகப் படும் என்றால், வாளை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவதும் நியாயம்தானே என்று ஆட்டக்காரர் வாதாடுவார், காவல்காரன் கோட்டைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். கைதட்டுவார்கள். அடுத்த வாரம் கோட்டைத் தலைவியின் மந்திரவாதி அதே வாசகத்தைச் சொல்லி உங்கள் வீரனை நடுச்சண்டையில் ஊருக்கு அனுப்பும்போது அதே மேசை கொதிக்கும். கொதிக்கட்டும், அளவுகோல் ஒன்றுதான். அல்லது இரண்டு பேருக்கும் சேர்த்துக் கறாராக்குங்கள்.

2024 வாசகத்தில் நியாயம் என்ற சொல்லை எடுத்துவிட்டு, செய்யக்கூடியதாகப் பட வேண்டும், 25 சொல்லுக்குள் இருக்க வேண்டும், வெளிப்படையாக ஊறு விளைவிக்கக் கூடாது என்று மாற்றியிருக்கிறார்கள். சொற்களை எண்ணுவது சுலபம் என்பது உண்மை. ஆனால் முன்பு டிஎம் கையில் இருந்த கடிவாளம் தளர்ந்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. செய்யக்கூடிய அசட்டுத்தனங்களுக்கா உலகில் பஞ்சம்?

கடைசியாக விஷ். ஒன்பதாம் நிலை, கேட்டதெல்லாம் கிடைக்கும். எட்டாம் நிலைவரை உள்ள எந்த மந்திரத்தையும் இதைக்கொண்டு போடலாம், ஆபத்தில்லை. அதைத் தாண்டி மனம்போனபடி கேட்டால், மறுபடியும் விஷ்ஷே போட முடியாமல் போக 33 சதவீத வாய்ப்பு. ஆசையைக் கூடுமானவரை துல்லியமாகச் சொல்லுங்கள் என்று புத்தகமே எச்சரிக்கிறது. வில்லன் செத்துப்போக வேண்டும் என்று கேட்டால், வில்லன் உயிரோடு இல்லாத எதிர்காலத்துக்கு உங்களைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று 2014 புத்தகம் குறும்பாக ஓர் உதாரணமும் தருகிறது. நம் ஆட்களுக்கு இது புதிதில்லை. மனிதனாலும் மிருகத்தாலும், பகலிலும் இரவிலும், உள்ளேயும் வெளியேயும் சாகக் கூடாது என்று இரணியன் ஓட்டையே இல்லாமல் கேட்டதாக நினைத்தான். அந்தி நேரத்தில், வாசற்படியில், நரசிம்மம் வந்தது. கதைக்கு அது பொருத்தம், ஏனென்றால் அவன் இரணியன். உங்கள் மேசையில் விஷ் கேட்பவர் மூன்று வருடமாகப் பிரதி ஞாயிறு வந்து ஆடி, 17-ஆம் லெவல்வரை வந்து சேர்ந்த நண்பர். உலகையே ஆளக் கேட்டால் நரசிம்மத்தை அனுப்புங்கள். செத்துப்போன தங்கையை உயிரோடு கேட்டால் அந்தப் பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுவந்து நிறுத்துங்கள். வாசகத்தில் ஓட்டை தேடி அவளைப் பேயாக அனுப்பும் டிஎம்மைப் புத்திசாலி என்று நான் சொல்லமாட்டேன்.

நடைமுறையில் இதெல்லாம் ஆட்டத்தின் நடுவே, எல்லோரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது வரும். புத்தகத்தைப் புரட்ட ஓரிரு நிமிடம் கொடுக்கலாம். கிடைக்காவிட்டால், “இன்றைக்கு இப்படி வைத்துக்கொள்வோம், வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். இருபது நிமிட வழக்கைவிட அரைகுறைத் தீர்ப்பு மேல். சந்தேகமாக இருக்கும்போது, மந்திரம் போட்டவருக்குச் சாதகமாகவே சொல்லுங்கள், அவர்தான் விலை கொடுத்திருக்கிறார். ஆட்டக்காரர் தப்பாகப் புரிந்துகொண்டு மந்திரத்தைப் போட்டுவிட்டால், பகடை உருளாதவரை திரும்ப எடுத்துக்கொள்ள விடுங்கள். அவருடைய மந்திரவாதி இருபது வருடம் படித்தவன், அவனுக்குத் தெரிந்திருக்கும். தீர்ப்பை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த முறை அதே கேள்வி வரும்போது அதே பதில் வர வேண்டும்.

ஆட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மனதில் வைத்திருக்கும் தந்திரத்தைக் கடைசி நொடியில் போட்டு டிஎம்மை மடக்கப் பார்க்காதீர்கள், ஆட்டத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே வெளியிட்டுவிட்டார்கள்; மேலே சொன்ன மந்திரங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. உங்கள் மந்திரவாதிக்குத் தெரிந்த மந்திரங்களை மட்டுமாவது, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, இந்த வாரத்துக்குள் ஒரு தடவை படித்துவிட்டு வாருங்கள்.